இருமாத பேட்ச்

என் விலா எலும்பு ஒடிந்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொன்னேன். எங்கே வழுக்கினீர்கள் என்றார் டாக்டர். தியானத்தில் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த மாதத்தில் தியானத்தில் வழுக்கி வருகிறவர்களுக்காக வார்டின் மூலையில் தனியாகக் கட்டில்கள் போட்டிருந்தார்கள்.

என் பெயர் கொளஞ்சியப்பன். நெய்வேலியில் ஜெயகணேஷ் என்ற காண்ட்ராக்டரிடம் வேலை. கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்துகிற கரியை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டின் மேலேயே போட வேண்டும். பெல்ட் சிந்திக்கொண்டே இருக்கும், நாங்கள் போட்டுக்கொண்டே இருப்போம். இதில் முடிந்தது என்று ஒன்று கிடையாது. எனக்கு இருமல் உண்டு. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் வந்து சேர்ந்துகொண்டது, அப்புறம் போகவில்லை. பெல்ட் ஓடுகிற சத்தத்தில் யார் இருமினாலும் யாருக்கும் கேட்காது என்பதால் எங்கள் பேட்ச்சில் இதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை.

எங்கள் பேட்ச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாரமான எதையும் ஒருவன் தனியாகத் தூக்கக் கூடாது. ரோலரைக் கழற்றினாலும் இரும்புத் தகட்டை நகர்த்தினாலும் எல்லோரும் ஒரு கை வைக்க வேண்டும். இடமில்லாவிட்டால் ஒரு விரலாவது வைக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் நான் வைக்கவில்லை என்று ஒருவனும் சொல்லக் கூடாது. மேஸ்திரி இளவழகன் இதில் கறாரானவன். வயதில் எனக்குத் தம்பி, உடம்பில் என்னைப் போல் இரண்டு பேர்.

இப்படி இருக்கையில் காண்ட்ராக்டர் ஜெயகணேஷ் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முகாமுக்குப் போய் மன அமைதி அடைந்து திரும்பினார். தனக்குக் கிடைத்தது தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சம்பளத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருக்கு அப்படித் தோன்றும். உடனே அகவமைதி மேம்பாட்டு மையம் என்று ஒன்றைத் தொடங்கி, கருணாகரன் என்பவரை இயக்குநராகப் போட்டார். கருணாகரன் அதற்கு முன்பு அதே காண்ட்ராக்டரிடம் செக்யூரிட்டிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வேலை முடிந்து வரும்போது எங்கள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார். இடுப்பைத் தடவுவார். இப்போது மனத்தைத் திறந்து பார்க்கும் பொறுப்பு. காக்கியை விட்டு வெள்ளை ஜிப்பாவுக்கு மாறியிருந்தார். பூட்ஸ் மட்டும் பழையது.

ஷிப்ட்டுக்கு முன்னால் எல்லோரும் தகரக் கொட்டகையில் கூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. முதல் நாள் கருணாகரன் மைக்கைப் பிடித்து, குழுவாகத் தியானம் செய்வதன் பலன்களை எடுத்துச் சொன்னார்.

"தனியாத் தியானம் பண்றது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தனியா உட்கார்ந்தா நடுவுல எழுந்து போயிடலாம். குழுவா உட்கார்ந்தா போக முடியாது. இது முதல் பலன். தனியா இருக்கறப்ப நீங்க ஒழுங்கா மூச்சைக் கவனிக்கறீங்களான்னு யாருக்கும் தெரியாது. குழுவுல பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரியும். நீங்க கவனிக்கலைன்னா அவன் உங்களைக் கவனிப்பான். அந்த பயம் வருது பாருங்க, அதுக்குப் பேர்தான் பரஸ்பர ஆதரவு."

எங்களுக்கு நன்றாகப் புரிந்தது. அவர் செக்யூரிட்டியில் இருந்தபோதும் இதைத்தான் சொல்வார்.

பிறகு சட்டத்தைச் சொன்னார். ஒரு பேட்ச் முழுவதும் சேர்ந்து ஒரே மனம். ஒருவன் அசைந்தால் பேட்ச்சே அசைந்ததாகக் கணக்கு. அசையாத பேட்ச்சுக்கு மையம் அமைதிச் சான்று கொடுக்கும். சான்று இல்லாத பேட்ச்சுக்கு அடுத்த வருடம் கேட் பாஸ் கிடையாது. கேட் பாஸ் இல்லாதவன் குள்ளஞ்சாவடி சந்தையில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். அங்கே ஏற்கெனவே மூட்டையைவிடத் தூக்குகிறவர்கள் அதிகம்.

கண்ணை மூடச் சொன்னார். மூடினோம். மூச்சைக் கவனிக்கச் சொன்னார். நான் கவனித்தேன். என் மூச்சை நான் அதுவரை கவனித்ததில்லை. உள்ளே போகிற மூச்சு தொண்டைக்குக் கீழே ஓரிடத்தில் தகரத்தில் சரளைக்கல் உருள்வது போல உருண்டது. கவனிக்கக் கவனிக்க அது மேலே வந்தது. இருமினேன். தகரக் கொட்டகை ஆனதால் இருமல் நாலு பக்கமும் போய் மோதித் திரும்பி வந்தது.

கருணாகரன் என் பக்கத்தில் வந்து நின்றார். இருமல் என்பது செரிக்காத கோபம் என்று எல்லோருக்கும் விளக்கிவிட்டு, யார் மேல் கோபம் என்று என்னைக் கேட்டார். யார் மேலும் இல்லை சார், கரித்தூள் என்றேன். கரித்தூள் மேல் கோபப்பட்டு என்ன பயன் என்று கேட்டார். அவர் கையில் விழிப்புக்கோல் என்று ஒன்று இருந்தது. தூங்கி விழுகிறவர்களை மெல்லத் தொட்டு எழுப்புவதற்காகத் துணி சுற்றிய கம்பு. அதைக்கொண்டு தோளில் தொட்டார். துணிக்கு உள்ளே இருப்பது பழைய செக்யூரிட்டி லத்தி என்பது தொட்டதும் தெரிந்துவிட்டது. ஒரு வாரத்தில் துணி கிழிந்துபோனது. புதுத் துணிக்கு டெண்டர் விட்டிருப்பதாகச் சொன்னார்கள். அது வரும்வரை லத்தியாலேயே மெல்லத் தொட்டார்கள்.

இளவழகன் இயக்குநரைத் தனியாகப் பார்த்துப் பேசினான். கொளஞ்சியண்ணனை மட்டும் வேறு பேட்ச்சுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறான். அதில் எனக்கு வருத்தம் இல்லை, நானே கேட்கச் சொன்னதுதான். கருணாகரன் அதிர்ந்துபோய்விட்டாராம்.

"ஒரு மனுஷனைக் குழுவை விட்டு விலக்கறதா? அது வன்முறை, இளவழகன். இந்த மையத்துல வன்முறைக்கு இடமே இல்லை."

லீவு போட வைக்கலாமா என்று கேட்டிருக்கிறான். காலியான இடமும் ஓர் அசைவுதான் என்று பதில் வந்தது.

அப்புறம் பேட்ச்சே என் இருமலை எடுத்துக்கொண்டது. ஆளுக்கு ஒரு மருந்து கொண்டுவந்தார்கள். கற்பூரவல்லி, மிளகு, பனங்கற்கண்டு என்று வந்தது. சக்கரபாணி, என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், சேத்தியாத்தோப்பில் யாரிடமோ போய் ஒரு லேகியம் வாங்கிவந்தான். என் மனைவி ஆதிலட்சுமி ஆடாதொடைக் கஷாயம் வைத்து, குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றாள். எல்லாம் வயிற்றுக்குள் போனது. இருமல் நெஞ்சில் இருந்தது.

மருந்து பலிக்காததால் துண்டு வந்தது. என் துண்டையே சுருட்டி என் வாயில் வைத்தார்கள். துண்டுக்குப் பின்னால் இருந்து இருமினேன். சக்கரபாணி ஒரு பக்கமும் இன்னொருவன் மறுபக்கமும் உட்கார்ந்து, நெஞ்சு குலுங்கத் தொடங்கினால் முழங்கையால் குத்துவது என்று ஏற்பாடானது. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டே குத்த வேண்டியிருந்ததால் சில குத்து கழுத்தில் விழுந்தது. சக்கரபாணி ஒவ்வொரு நாளும் டீக்கடையில் என் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, ரொம்ப வலிக்குதா மச்சான் என்று கேட்பான்.

வெள்ளிக்கிழமைகளில் அனுபவப் பகிர்வு. வட்டமாக உட்கார்ந்து அவரவர் மனத்தில் தோன்றியதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியாகத் தியானம் செய்கிறவனுக்கு இந்த வசதி கிடையாது, அவன் மனத்தில் தோன்றியது அவனோடு போய்விடும் என்றார் கருணாகரன். லத்தி லேசாக அசைந்ததும் இளவழகன் வாயைத் திறந்தான்.

"சார், இவுரு இருமுறப்ப எனக்கு எழுந்து போயி மென்னிய புடிச்சி நெரிக்கணும்போல இருக்குது."

"நல்லது. இதுதான் நேர்மை. அந்த எண்ணத்தை நல்லது கெட்டதுன்னு பிரிக்காதீங்க. தடுக்கவும் தடுக்காதீங்க. அப்படியே விடுங்க."

இளவழகன் சொன்ன சொல்லைத் தட்டாதவன். மேஸ்திரியாவதற்கு அதுதான் தகுதி. அவன் அந்த எண்ணத்தைத் தடுக்கவில்லை. எழுந்து வந்து என் மென்னியைப் பிடித்தான். நான் கீழே விழுந்தேன். எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் சம்மணம் போட்டு, கண்ணைப் பாதி மூடி, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தலையிடப் போறதில்லை. தலையிட்டா அது தீர்ப்பு சொன்ன மாதிரி. நான் வெறும் சாட்சி. ஒண்ணே ஒண்ணு, பண்றதை முழுக் கவனத்தோட பண்ணுங்க."

ஆகவே கவனமாக அடித்தார்கள். பேட்ச்சின் வழக்கப்படி எல்லோரும் ஒரு கை வைத்தார்கள். இதற்கு முன்பு நான் அடி வாங்கியிருக்கிறேன். சாராயத்தில் அடித்தவர்களிடமும் தேர்தலில் அடித்தவர்களிடமும் வாங்கியிருக்கிறேன். அவர்கள் எல்லாம் அவசரத்தில் அடித்தார்கள், சீக்கிரம் முடிந்தது. கவனத்தோடு அடிக்கிறவன் கையை ஓங்குவதைக் கவனிக்கிறான், இறங்குவதைக் கவனிக்கிறான், பட்ட இடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்து அதையும் கவனிக்கிறான். ஒரு அடியே ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகிறது. என் உதடு கிழிந்து ஒரு பல் ஆடியது. அதற்குள் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துவிட்டதால் மிச்சத்தை அடுத்த வெள்ளிக்கு வைத்துக்கொண்டோம்.

மறு வாரம் கருணாகரன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். யார் மேலாவது கை வைப்பதற்கு முன்னால் அவருக்கு நல்லெண்ணம் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அது முரட்டுத்தனமாகிவிடும். அன்றிலிருந்து எல்லோரும் என்னைச் சுற்றி நின்று, நீங்கள் நலமாக இருக்க வேண்டும், நீங்கள் துன்பம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு உதைத்தார்கள். நானும் கீழே கிடந்தபடி அவர்களுக்கு அதையே சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அதற்குத் தனியாக லத்தி.

வீட்டில் ஆதிலட்சுமி என் முதுகில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "இன்னாய்யா இது, மூச்சு வுடறதுக்குப் போயி மூச்சு போற மாதிரி வந்துகினு இருக்க." பேட்ச்சில் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறோம் என்றேன். அது உண்மைதான். முன்பெல்லாம் எங்களுக்குள் சின்னச் சின்ன மனஸ்தாபங்கள் இருக்கும். இப்போது ஒன்றும் இல்லை. எல்லா மனஸ்தாபமும் என் ஒருவன் மேலேயே வந்து தீர்ந்துபோனது.

வருடக் கடைசியில் மௌனக் கேடயம் என்று ஒரு போட்டி வைத்தார்கள். நகரியத்தில் ஒரு பிளாக்கின் விளையாட்டுத் திடலில் மேடைக்கு மேல் ஷாமியானா போட்டார்கள். எந்த பேட்ச் சத்தமே இல்லாமல் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறதோ அந்த பேட்ச்சுக்குக் கேடயமும் அமைதிச் சான்றும் அங்கேயே மேடையில் கொடுக்கப்படும். மற்ற பேட்ச்களுக்கு பாஸ் பற்றிப் பிறகு பரிசீலிக்கப்படும் என்று அறிவிப்பில் இருந்தது. பிறகு பரிசீலிக்கப்படும் என்றால் என்ன என்பது காண்ட்ராக்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

எங்களுக்குச் சரியான போட்டி சாம்பல் பேட்ச்தான். அவர்கள் லாரியில் சாம்பல் ஏற்றுகிறவர்கள். அவர்களில் ஒருவனுக்குக்கூட நெஞ்சு சுத்தம் கிடையாது, ஆனால் அவர்கள் மேஸ்திரி அறிவுச்செல்வன் பயிற்சியில் கெட்டி. இருமுகிறவனுடைய விரலைச் செங்கல்லுக்கு அடியில் வைத்து இன்னொரு செங்கல்லைப் போடுவானாம். அவர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தபோது பாதிப் பேர் கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் கை தட்டினார்கள்.

ஜெயகணேஷ் விளக்கேற்றினார். கருணாகரன் மைக்கில் தியானத்தைத் தொடங்கினார். என்னை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். துண்டு வாயில் இருந்தது. சக்கரபாணியின் முழங்கால் என் வயிற்றின் மேல் இருந்தது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது.

பிறகு காற்று திரும்பியது. திடலின் சுவருக்கு அந்தப் பக்கம் சாம்பல் பேட்ச்சுப் பெண்கள் அடுப்பு மூட்டி இரும்புச் சட்டியில் காய்ந்த மிளகாயை வறுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் நெடி வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நெடி எங்களிடமும் வந்தது, அவர்களிடமும் போனது, ஷாமியானாவுக்குள்ளும் போனது. முதலில் ஜெயகணேஷ் தும்மினார். அது கணக்கில் வராது என்று கருணாகரன் மைக்கில் சொல்லிவிட்டு அவரும் தும்மினார். அதற்குப் பிறகு திடலே இருமியது.

அறிவுச்செல்வன் முதலில் தன் ஆட்களைத்தான் அடித்தான். சத்தம் போடாதே என்று சொன்னால் அதுவே சத்தமாகிவிடும் என்பதால் வாயைத் திறக்காமல் அடித்தான். எங்கள் ஆட்களும் அவரவர் பக்கத்து ஆளின் வாயைக் கையால் அடைத்தார்கள். மூச்சு முட்டியவன் கடித்தான். கடிபட்டவன் உதைத்தான். உதை எல்லைக் கோட்டைத் தாண்டிச் சாம்பல் பேட்ச்சில் ஒருவன் மேல் விழுந்தது. அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. பிளாஸ்டிக் நாற்காலி உடைந்தால் கால் கூராகிவிடுகிறது என்பதை அன்றைக்குப் பார்த்தேன். ஷாமியானாக் கம்பைப் பிடுங்கினார்கள். குத்துவிளக்கை ஒருவன் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றினான். எண்ணெய் எங்கள் மேலெல்லாம் தெறித்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, கத்தவில்லை. கத்தினால் பேட்ச்சுக்குச் சான்று போய்விடும். மண்டை உடைந்தவனும் வாயைப் பொத்திக்கொண்டே விழுந்தான். எலும்பில் கம்பு படுகிற சத்தமும், நடுநடுவே பற்களுக்கு இடையில் முணுமுணுக்கிற நல்லெண்ணமும்தான் கேட்டன. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

கருணாகரன் கண்ணை மூடியபடி மைக்கில் தியானத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

"இப்ப உங்க வலது கையைக் கவனிங்க. அது எங்க இருக்கு? எதைத் தொட்டுக்கிட்டு இருக்கு? மிருதுவா இருக்கா, கடினமா இருக்கா?"

இளவழகனின் வலது கை அறிவுச்செல்வனின் தொண்டையில் இருந்தது. அவன் கவனித்தான். இன்னும் கொஞ்சம் கடினமாக்கினான். அறிவுச்செல்வன் கண் மேலே சொருகிச் சத்தமில்லாமல் சாய்ந்தான். அவனைத் தண்ணீர் தெளித்துப் பிறகு எழுப்பினார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல்தான் இன்றுவரை வரவில்லை. தியானத்துக்கு அவன் ஏற்றவனாகிவிட்டான் என்று மையத்தில் சொல்லிக்கொள்கிறார்கள்.

நெடி அடங்கியது. நெடியில் வந்த இருமல் யாருக்கும் கணக்கில் இல்லை, இனி வருவதுதான் கணக்கு என்று மைக்கில் அறிவித்தார்கள். அடங்கும்போது இரண்டு பேட்ச்சிலும் நிறையப் பேர் தரையில் கிடந்தார்கள். கிடக்கிறவன் இருமவில்லை. இருமிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். துண்டு எங்கேயோ போய்விட்டது. ஜெயகணேஷ் கேடயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையில் நின்றார். எங்கள் பேட்ச் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவர்களைத் தெரியும். இளவழகனின் மகள் வெண்மதி நர்சிங் சேர்ந்திருந்தாள். சக்கரபாணி வாடகை வீட்டுக்காரனிடம் பாஸ் வந்ததும் தருகிறேன் என்று சொல்லிவைத்திருந்தான். நான் அவர்களைப் பார்த்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டேன். கும்பிட்டபடியே இருமினேன்.

திடலோரத்தில் ஆட்டக்காரர்கள் உட்காருகிற இரும்பு பெஞ்சு ஒன்று இருந்தது. இளவழகன் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பார்த்தான். பேட்ச் எழுந்தது. நிற்க முடியாதவன் தவழ்ந்து வந்தான். எல்லோரும் ஒரு கை வைத்தார்கள். இடம் கிடைக்காதவன் விரல் வைத்தான். என்னை மல்லாக்கப் போட்டு, பெஞ்சை நெஞ்சின் மேல் இறக்கி, அதன் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. ஷாமியானா வரை கேட்டிருக்கிறது. எலும்பு ஒடிகிற சத்தம் போட்டி விதிப்படி கணக்கில் வருமா என்று நடுவர்கள் கூடிப் பேசினார்கள். வாயிலிருந்து வரும் சத்தத்தைத்தான் விதி சொல்கிறது என்று முடிவானது. நான் இருமவில்லை. இருமுவதற்கு நெஞ்சை விரிக்க வேண்டும். விரிக்கப் போனால் உள்ளே கத்தி திரும்பியது. அதனால் இருமல் தானாகவே அடங்கிவிட்டது. சாம்பல் பேட்ச் படுத்துக் கிடந்தது, எங்கள் பேட்ச் உட்கார்ந்திருந்தது, அதனால் கேடயம் எங்களுக்கு வந்தது. அதை என் மேல் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றினார்கள்.

மறு திங்கட்கிழமை கட்டோடு போய்த் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தேன். வராவிட்டால் காலியிடம் அசைவாகிவிடும். அன்றைக்குத்தான் எனக்குத் தியானம் வந்தது. மூச்சு உள்ளே போவது தெரிந்தது. எந்த எலும்பைத் தொட்டு எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. வெளியே வருவது தெரிந்தது. வேறு நினைப்பே இல்லை. வீடு, வேலை, நாளை என்று ஒன்றும் இல்லை. அடுத்த மூச்சை எப்படி இழுப்பது என்ற ஒரு நினைப்புதான் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கருணாகரன் அதைப் பார்த்துவிட்டு மற்ற பேட்ச்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இவரைப் பாருங்க. மையத்துக்கு வர்றப்ப இவர் உடம்பு பூராக் கோபம். இன்னிக்கு மூச்சு போறது வெளியில தெரியுதா? சொல்லுங்க கொளஞ்சியப்பன், தனியா முயற்சி பண்ணியிருந்தா உங்களால இந்த நிலைக்கு வந்திருக்க முடியுமா?"

"முடியாது சார்," என்றேன். சத்தமாகப் பேசினால் குத்தும் என்பதால் மெல்லச் சொன்னேன். "எல்லாரும் சேந்து உக்காந்ததாலதான்."

அவர்கள் கை தட்டினார்கள். எழுந்து வந்து சிலர் என் கட்டைத் தொட்டு, எந்த எலும்பு, எந்த இடம் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் போனது. ஒரு மாதத்தில் எல்லா பேட்ச்சும் அமைதிச் சான்று வாங்கிவிட்டது. ஜெயகணேஷுக்கு அவர் போன முகாமிலேயே பொன்னாடை போர்த்தினார்கள். எங்களுக்கு பாஸும் வந்தது. ஆனால் அது ஒரு வருடத்துக்கான பாஸ் இல்லை. அமைதி நிரந்தரமா என்று பார்க்க வேண்டும் என்பதால், இனி எலும்பு கூடுகிற கால அளவுக்கு, அதாவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேட்ச்சைச் சோதித்துப் பார்த்துப் புதுப்பிப்பார்களாம்.

எலும்பு கூடிவிட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முன்பைவிட உறுதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். ஆதிலட்சுமி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். இரண்டாவது கவளத்தில் எனக்கு இருமல் வந்தது. அவள் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். ஆனால் இளவழகனின் தம்பி வீடு எங்கள் பக்கத்து வீடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்ச் வந்தது. மறுநாள் சோதனை. சக்கரபாணி கையில் ஆரஞ்சுப் பழம் இருந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு வாசலில் நின்றார்கள். மண்வெட்டிப் பிடியோ கம்போ எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு பெஞ்சு மட்டும் தெருவில் இருந்தது. ஆதிலட்சுமி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு நடுவாசலில் வந்து நின்றாள்.

"எவன் கால வெக்கிறானோ அவன் கால அறுத்துடுவேன்."

அவள் செய்யக் கூடியவள். முன்னால் நின்றவன் முழங்காலில் அரிவாள் நுனி பட்டு லேசாக ரத்தம் வந்தது. அவன் நகரவில்லை.

"அறுத்துடு அண்ணி," என்றான் இளவழகன். "அறுத்தாலும் நாங்க நாளைக்கி உள்ள போயாவணும். பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருசம் பாக்கி இருக்குது. எனுக்கு மட்டும் இன்னா இது ஆசையா?"

சக்கரபாணி அழுதுகொண்டிருந்தான். ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தான். மெதுவாக மூச்சு விட்டுப் பார் மச்சான், ஒருவேளை இருமலை அடக்க முடிகிறதா பார்ப்போம் என்று என்னிடம் கேட்டான். நான் அடக்கிப் பார்த்தேன். எல்லோரும் என் நெஞ்சையே பார்த்தார்கள். ஆதிலட்சுமியும் பார்த்தாள். கொஞ்ச நேரம் அடங்கியது. பிறகு வந்துவிட்டது, சரளைக்கல் உருண்டு உருண்டு, நான் நிலைப்படியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இருமி முடித்ததும் சட்டைப் பித்தானைக் கழற்றினேன்.

"எத்தினி வாட்டிய்யா?" என்றாள் ஆதிலட்சுமி.

"எலும்பு இருக்கிற வரைக்கும்."

அவள் அரிவாள்மனையை மடியில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் உள்ளே போய்ப் பாயை நானே விரித்து மல்லாந்து படுத்தேன். அவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, பெஞ்சை வாசல் நிலையில் இடிக்காமல் சாய்த்து உள்ளே கொண்டுவந்தார்கள். இந்தப் பக்கம் வேண்டாம், இது டாக்டர் பாடுபட்டுச் சேர்த்துவைத்தது, அந்தப் பக்கம் இன்னும் முழுசாக இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தேன். சரிண்ணே என்று பெஞ்சை நகர்த்தினார்கள்.

இளவழகன் நல்லவன். சாப்பிட்டாயா அண்ணே என்று கேட்டு, சாப்பிட்டுவிட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான்.